நின்றவை மட்டும்

கோட்டைவாசல் தாண்டி இரண்டாவது வளைவு.
சாரல் விழுகிறதா, காற்றிலேயே நிற்கிறதா
என்று தெரியாத ராத்திரி. மணி ஒன்றே கால்.
ஒரு கோடியே பத்து லட்சம்
மஞ்சள் விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு
ஓரமாக உட்கார்ந்திருக்கிறது.

"எஞ்சினு ஒந்நுமில்லா" என்றார் புனலூர் ரெஜிமோன்.
கையில் குடை. விரிக்க மறந்துவிட்டார்.

உண்மைதான், எஞ்சினுக்கு ஒன்றுமில்லை.
பின்சக்கரத்துக்கு மேலே எங்கோ
விரல்நகம் அளவு சென்சார் ஒன்று
உயரம் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறது.
அதை நம்பி வண்டி படுத்துவிட்டது,
நடுவயலில் உழவு மாடு படுப்பது போல.
வயிறு தரையில்.
முகத்தில் மட்டும் அந்தக் கம்பீரம் அப்படியே.

திரையில் அழகான எழுத்து:
பாதுகாப்பாக நிறுத்தவும். சேவை மையத்தை அணுகவும்.
அணுகலாம்.
திருவனந்தபுரம் தொண்ணூறு சொச்சம் கிலோமீட்டர்,
மதுரை அதற்கும் மேலே.
நடுவில் இருப்பது நானும் மைதீன்பிச்சையும்
எங்கள் தொண்ணூற்றேழு மாடல் லாரியும்.

அப்போது ஒரு வைக்கோல் லாரி ஏறி வந்தது.
இரண்டு பக்கமும் பிதுங்கிய சுமை, ஒற்றைக் கண் ஹெட்லைட்.
எங்களை உரசாமல் தாண்டி
நாலு இழை வைக்கோலை மட்டும்
ரெஜிமோன் வண்டிக் கூரையில் போட்டுவிட்டுப் போனது.
யாரும் சிரிக்கவில்லை. மைதீன்பிச்சை இருமினான்.

அந்த லாரியும் நிற்கும்.
போன வாரம் தென்மலையில் நின்றது.
கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டு டிரைவரே கிளப்பிப் போனார்.
என்னைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

"வாங்குறதுக்கு முன்னாடி நாலு மாசம் படிச்சேன்.
நாலு புள்ளி எட்டு ரேட்டிங்.
நம்பகத்தன்மையில முதல் மூணு இடத்துக்குள்ள."
யார் கொடுத்த நட்சத்திரம் என்று கேட்டேன்.
வாங்கி மூன்று மாதம் ஆனவர்களாம்.

கல்யாணமான மூன்றாம் மாதம்
அத்தானைப் பற்றிக் கேட்டிருந்தால்
என் அக்காவும் ஐந்து கொடுத்திருப்பாள்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
சக்கரத்தில் பட்டையை மாட்டினேன்.

நானும் யோக்கியன் இல்லை.
புளியரை டீக்கடையில் கேட்பார்கள்:
முப்புடாதி, எது நல்ல வண்டி?
அது வேண்டாம், இதுவும் வேண்டாம் என்பேன், எல்லாம் கண்டவன் மாதிரி.
என் நோட்டில் இருப்பவை நின்ற வண்டிகள்.
ஓடுகிற வண்டி எதற்கு எனக்குப் போன் போடப்போகிறது?
இதே மாடல், இதே கறுப்பு,
கொல்லத்து முந்திரி வியாபாரி ஒருவர்
ஆறு வருடமாக வெள்ளிதோறும் குற்றாலம் போய்வருகிறார்.
பெயர்கூடத் தெரியாது எனக்கு.
கண்ணாடியை ஏற்றியபடி போய்விடுகிறார்.

லிஜி, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு
எங்கள் கேபினில் ஏறினார்.
சீட்டின் கிழிசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"இது போகுமா?"

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும்
வாயால் பதில் சொன்னதில்லை. சாவியைத் திருப்புவேன்.
முதல் தடவை இல்லை.
இரண்டாவது தடவை
பிள்ளை விழித்துக்கொள்ளும் சத்தத்தோடு பிடித்தது.

அவர்களைப் புனலூரில் இறக்கிவிட்டு
விடியும்போது சேவை மையம்.
கண்ணாடிச் சுவர், உள்ளே காபி இயந்திரம்.
மைதீன்பிச்சை எம்பி எம்பி
கூரையில் ஒட்டிய வைக்கோலை எடுத்துப் போட்டான்.
பத்தரைக்கு ரெஜிமோன் ஒரு தாளை நீட்டினார்:
கோளாறு எதுவும் கண்டறியப்படவில்லை.
வண்டி எழுந்து நின்றிருந்தது,
நேற்று எதுவும் நடக்காதது போல.
அவர் அதன் கதவைத் தொட்டார்,
காய்ச்சல் விட்டதா என்று பார்க்கிற மாதிரி.

மத்தியானம் எனக்கு ஒரு குறுஞ்செய்தி.
மீட்பு வாகனச் சேவைக்கு வாடிக்கையாளர் தந்தது
மூன்று நட்சத்திரம். காரணம்: தாமதம்.

நியாயம்தான்.
ஏற்றத்துக்கு முன்னால் ரேடியேட்டர் கொதித்துத்
தண்ணீர் ஊற்ற இருபது நிமிடம் நின்றோம்.
செக்போஸ்டில் நெரிசல் என்று
அவரிடம் சொல்லியிருந்தேன்.